அரசு தரப்புச் சாட்சி எண் 5

சாதி வன்முறை வழக்கு எங்கே தோற்கிறது என்று கேட்டால் பலரும் தீர்ப்பு நாளைக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் அது அதற்கு வெகு முன்பே தோற்றுவிடுகிறது. போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்த நாளுக்கும் கூண்டில் ஏறும் நாளுக்கும் இடையே, சாட்சியின் வீட்டு வாசலில் தோற்கிறது. அப்படித் தோற்காத ஒரு வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்க்கிறேன். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. அந்த அம்மாவும் அதே ஊரில்தான் வாழ்கிறார்.

வட மாவட்டம் ஒன்றின் கிராமம். 2016 நவம்பர் மழை. காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வயல் வரப்புதான் வழி. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அன்று வரப்பே தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. பாடையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்க முடியாது. பெரியவரின் மகன்களும் உறவினர்களும் ஊர்த்தெருவின் ஓரமாகப் போகும் தார்ச்சாலையில் நடந்தார்கள். பஞ்சாயத்துச் சாலை, அரசுப் பணத்தில் போட்ட சாலை. அது திரும்பும் முனையில் பதினான்கு பேர் மறித்தார்கள். வாக்குவாதம் முற்றி அடிதடியானது. பாடை தரையில் விழுந்தது. மூத்த மகனுக்கு இரும்புக் குழாயால் மண்டை உடைந்தது. இளையவனுக்கு வலது முன்கை எலும்பு முறிந்தது. அன்று இரவே காலனியில் ஒரு கூரை வீடும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் எரிந்தன.

சாலை திரும்பும் அந்த முனையில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. வீட்டுத் திண்ணையையே தட்டி வைத்து மறைத்துக் கடையாக்கியிருந்தார்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு மாடுகள் வைத்திருந்தார். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். மறித்தவர்களின் சாதிதான் அவருக்கும். முதல் எதிரி அவருக்குக் கொழுந்தன் முறை, கணவரின் சித்தப்பா மகன். இந்த அம்மாதான் அரசு தரப்புச் சாட்சி எண் 5. கோர்ட் பேச்சில் அ.சா. 5.

கை முறிந்து ஓடிவந்த இளையவனை அவர் கடைக்குள் இழுத்துப் போட்டுத் தட்டியை இறக்கினார். துரத்தி வந்தவர்கள் தட்டியை உதைத்தபோது, உள்ளிருந்தபடியே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, “தொறக்க மாட்டேன், போங்கடா” என்றார். அந்தப் பையன் உயிரோடு இருப்பதற்கு அந்தத் தட்டியும் அந்தக் குரலும்தான் காரணம்.

காவல் நிலையத்தில் முதலில் இது ‘இரு தரப்பு மோதல்’ ஆனது. காலனிக்காரர்கள் மீதும் ஒரு எதிர்வழக்கு. அடி வாங்கியவனே எதிரியாகவும் நிற்பது சாதி வழக்குகளில் புதிதல்ல. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் சாதி மீறி மணந்த கண்ணகி, முருகேசன் இருவரும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டபோதும் கொலைகாரர்களோடு சேர்த்துத் தலித்துகளையும் வழக்கில் இழுத்தார்கள். சி.பி.ஐ. விசாரணைக்குப் பிறகுதான் உண்மை வந்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். சம்பவம் நடந்து 18 ஆண்டுகள் கழித்து! கொலையாளிகளோடு, வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகள் இருவரும் அதில் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எங்கள் வழக்கிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சரியான பிரிவுகளைப் போடவைக்கவே மனு மேல் மனு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் 3(1)(za) என்றொரு உட்பிரிவு உண்டு. சுடுகாட்டையோ, இடுகாட்டையோ, பொதுச் சாலையையோ பட்டியல் சாதியினர் மற்றவரைப் போலப் பயன்படுத்துவதைத் தடுத்தால் அது குற்றம். 2016 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. அந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் ஏறிய பிறகே டி.எஸ்.பி. விசாரணை ஒழுங்காகத் தொடங்கியது. காலனி மக்கள் எனக்கு வக்காலத்து கொடுத்தார்கள். அரசு சிறப்பு வழக்கறிஞருக்கு உதவியாக ஆஜரானேன்.

கோப்பை முதன்முதலில் படித்தபோதே வழக்கின் பலவீனம் தெரிந்தது. நேரில் பார்த்த சாட்சிகள் ஏறக்குறைய எல்லோரும் காலனிக்காரர்கள். இறந்தவருக்கு உறவு அல்லது அண்டை வீடு. ‘நலன்சார் சாட்சிகள்’ என்ற ஒரு சொல்லை வைத்தே எதிர்த்தரப்பு அவர்கள் சொல்வதைத் தள்ளப் பார்க்கும். இந்த மண்ணில் அந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், தப்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளின் சாட்சியத்தை மீறி, 1973-இல் நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்து வளர்ந்த எந்த வழக்கறிஞரும் ‘மறுபக்கத்திலிருந்து ஒருவர் பேசினால்’ என்று ஏங்காமல் இருக்க மாட்டார். எங்கள் வழக்கில் அப்படி ஒருவர் பேசியிருந்தார். போலீஸ் விசாரணையில் அவர் சொன்ன வாக்குமூலம் இரண்டே பக்கம். பெயர்கள் இருந்தன, ஆயுதங்கள் இருந்தன, யார் எங்கே நின்றார் என்பது இருந்தது.

அவரைப் பார்க்கப் போனேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். சாட்சியின் மனசு தெரியாமல் ஒரு வழக்கறிஞர் அவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவர் நீளமாக எதுவும் பேசவில்லை.

“எங்க வூட்டுக்காரரு செத்தப்ப குழி வெட்டினது அந்தப் பெரியவருதான் தம்பி. மழையில நனைஞ்சுகிட்டே வெட்டினாரு. அவரு பொணத்த என் கண்ணு முன்னாடி கீழ போட்டாங்க. நான் பாக்கலன்னு எப்படிச் சொல்றது?”

அந்த ஊரில் நடந்ததைத் தவறு என்று நினைத்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் என்னிடமே சொன்னார்கள்: “நடந்தது தப்புதான் சார். ஆனா ஊர் விஷயம் ஊரோட போகணும்.” பிணத்தை மறித்த இளைஞர்களின் தாய்மார்களில் சிலர் அழுதார்கள். ஆனால் சம்பவம் நடந்த இரண்டொரு நாளில் வெளியூரிலிருந்து சாதிச் சங்கத்துக்காரர்கள் கொடி கட்டிய வண்டிகளில் வந்தார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. ஒரு தெருவின் அட்டூழியம் ஒரு சாதியின் மானமாக மாற்றப்பட்டது. அதுவரை தலைகுனிந்து நின்ற பையன்கள் நிமிர்ந்து நின்றார்கள். தப்பு என்று முணுமுணுத்த பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தீவிரவாதம் என்பது துப்பாக்கியோடு மட்டும் வருவதில்லை. மனசாட்சியுள்ள பத்துப் பேரைப் பேசாமல் இருக்கவைக்க முடிந்தால் போதும், அது அந்த ஊரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிடிக்குள் சிக்காமல் நின்றவர் இந்த ஒரு பெண்மணி.

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. பின்னால் மறுப்பது எளிது. அதனால் அவருடைய வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164 பிரிவின் கீழ் பதிவு செய்ய ஏற்பாடு செய்தோம். அது தனியே ஆதாரமாகிவிடாது என்றாலும், சாட்சி கூண்டில் சொல்வதை வலுப்படுத்தவோ முரணைக் காட்டவோ பயன்படும். மாஜிஸ்திரேட் அறைக்குள் அவர் தனியாகப் போனார். ‘நிர்ப்பந்தம் ஏதும் உண்டா, யோசித்துச் சொல்லுங்கள்’ என்று மாஜிஸ்திரேட் கேட்டு அவகாசம் கொடுத்திருக்கிறார். இவர் யோசித்து முடித்ததையே திரும்பச் சொன்னார்.

ஊர்க்கட்டுப்பாடு அதற்குப் பிறகுதான் விழுந்தது. தண்டோரா இல்லை, எழுத்து இல்லை, தீர்மானம் இல்லை. கோயில் திடலில் ஒரு கூட்டம், அவ்வளவுதான். மறுநாள் காலை கடைக்கு யாரும் வரவில்லை. மாவு மில்லுக்குப் போனால் கரண்ட் இல்லை என்றார்கள். அவர் வீடு திரும்பிய பிறகு மில் ஓடியது. அவரோடு பேசினால் அபராதம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். மகளின் மாமியார் வீட்டில் அழுத்தம் கொடுத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு மகள் தாய்வீடு வரவில்லை. திருப்பூரில் இருந்த மகனுக்கு இரவில் போன் வந்தது. ஊர்ப் பால் சொசைட்டியில் அவர் கொண்டுபோன பாலை, தண்ணீர் கலந்த பால் என்று திருப்பிவிட்டார்கள். எட்டு வருஷமாக ஊற்றிய பால் அது.

அவரிடம் பால் அட்டை ஒன்று இருந்தது. தேதி, காலை, மாலை, லிட்டர், கொழுப்பு, தொகை என்று கட்டம் போட்ட மஞ்சள் அட்டை. ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கேறி மடங்கியிருந்தன. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் நீல மையில் எண்கள். அந்த டிசம்பரில் ஒரு தேதிக்குப் பிறகு எண்களே இல்லை. அந்தத் தேதி மாஜிஸ்திரேட் முன் அவர் வாக்குமூலம் கொடுத்ததற்கு இரண்டு நாள் கழித்து வருவது. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவுடன், “இதை எந்தக் காரணம் கொண்டும் தொலைச்சிடாதீங்க அக்கா” என்றேன்.

1936-இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் ஊர்விலக்கைப் பற்றிப் பேசுகிறார். சாதியை மீற நினைக்கும் தனி மனிதரை முடக்க, சாதியின் கையில் இருக்கும் மிகக் கொடிய ஆயுதம் அது என்பது அவருடைய வாதம். அந்த ஆயுதம் சாதிக்கு வெளியே இருப்பவரைவிட உள்ளே இருப்பவரையே ஆழமாக வெட்டும். காலனிக்கு அந்த ஊர் எப்போதுமே பாதி மூடிய கதவுதான். இந்த அம்மாவுக்கோ தன் சொந்தத் தெரு, தன் கோயில், தன் பங்காளி, தன் மகள் எல்லாமே ஒரே நாளில் போயின.

சட்டத்தில் என்ன வழி என்று பார்த்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம்தான். ஆனால் புறக்கணிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்காக உண்மை சொல்லி, அதனால் தன் சொந்தச் சாதியால் ஒதுக்கப்பட்டவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. மகாராஷ்டிரத்தில் சமூகப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக்கி 2016-இல் சட்டம் இயற்றினார்கள். எந்தச் சாதிக்குள்ளே யார் யாரை ஒதுக்கினாலும் அங்கே குற்றம். தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை.

இருந்ததை வைத்துப் போராடினோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. சாட்சியின் சாதி என்ன என்று அது கேட்பதில்லை. விசாரணைக் காலத்தில் பராமரிப்புச் செலவு, சமூக, பொருளாதார மறுவாழ்வு ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. மனு போட்டோம். சில மாதங்கள் கடைக்கு அருகே போலீஸ் பிக்கெட் நின்றது. மிரட்டல் போன் அழைப்புகளுக்கு, பொய்ச் சாட்சி சொல்லத் தூண்டி மிரட்டுவதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 195ஏ பிரிவைக் காட்டிப் புகார் கொடுத்தோம், அழைப்புகள் நின்றன. ஆனால் வாழ்வாதாரம் கேட்ட மனுவுக்குக் கிடைத்தது, கோர்ட்டுக்கு வரும் நாளுக்கு பஸ் கட்டணமும் அன்றைய கூலியும்தான். மற்ற நாட்களில் கறந்த பாலை அவர் என்ன செய்வது?

அதற்கு விடை கண்டது சட்டமல்ல, காலனிப் பெண்கள். அவர்களே வந்து, “நாங்க வாங்கிக்கிறோம்” என்றார்கள். விஷயம் எனக்குத் தெரிந்தபோது என் சீனியரிடம் கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். பாதிக்கப்பட்ட தரப்பிடமிருந்து சாட்சிக்குப் பணம் போகிறது என்பதைக் குறுக்கு விசாரணையில் எப்படித் திருப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வாங்கட்டும். மாடு கறக்காம இருக்காது. ஆனா ஒரு சொட்டு விடாம கணக்கு எழுதச் சொல்லு” என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார்கள். காலனியில் பத்தாவது படித்த ஒரு பெண் தினமும் எழுதினாள்: யார் வீடு, எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய். வெளியே விற்கும் விலைக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சட்டப்படி இந்த வழக்கு, குற்றப்பத்திரிகை வந்த தேதியிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்தில் முடிய வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாய்தாவிலேயே போனது. ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் எதிரிகளில் ஒருவர் வரவில்லை, ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு வாய்தாவும் சாட்சியின் மீது இன்னும் ஒரு மாத ஊர்க்கட்டுப்பாடு. வினோத் குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற 2015 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கடுமையாகக் கண்டித்தது. அதில் ஒரு சாட்சியின் முதல் விசாரணை முடிந்து 20 மாதம் கழித்துத்தான் குறுக்கு விசாரணை நடந்தது. அந்த இடைவெளியில் சாட்சி வளைக்கப்பட்டுவிட்டார்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் உடுமலைப்பேட்டை சங்கர் ஆணவக் கொலை வழக்கின் தீர்ப்பு வந்தது; 2017 டிசம்பர் 12. சங்கரின் மனைவி கௌசல்யா தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லியிருந்தார். திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020-இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்றவர்களின் தண்டனையைக் குறைத்தது வேறு கதை. தீர்ப்பு வந்த வாரம் நான் அந்த ஊருக்குப் போயிருந்தேன். அக்கா டிவியில் பார்த்திருந்தார். “அந்தப் பொண்ணு பெத்தவங்களுக்கு எதுக்கவே நின்னுச்சு. எனக்குக் கொழுந்தன்தானே தம்பி” என்றார். நான் சொல்லியிருக்கக்கூடிய எந்த ஆறுதலையும்விட அந்தச் செய்தி அவரைத் தாங்கிப் பிடித்தது. ஒருவர் எழுந்து நின்றதை இன்னொருவர் பார்க்க வேண்டும்; துணிச்சல் அப்படித்தான் பரவுகிறது.

2018 டிசம்பர் 5-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுக்க அதைச் சட்டமாகவே பின்பற்ற வேண்டும் என்றது. சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும்தான் அந்த வழக்கின் பின்னணி. மாவட்ட நீதிபதி, காவல் தலைமை, அரசு வழக்குத் தொடர்வுத் துறைத் தலைமை சேர்ந்த குழுவிடம் சாட்சி மனு கொடுக்கலாம். அச்சுறுத்தலை அளந்து போலீஸ் அறிக்கை தர வேண்டும். நாங்கள் உடனே மனு போட்டோம். இரண்டு விஷயங்களை வலியுறுத்திக் கேட்டோம்: சாட்சியும் எதிரிகளும் கோர்ட் வராந்தாவில் முகத்துக்கு முகம் நிற்கக் கூடாது, முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிய வேண்டும். இரண்டும் கிடைத்தன.

2019-இல் சாட்சி விசாரணை தொடங்கியது. அ.சா. 5-க்கு முன்னும் பின்னும் வந்த ஊர்த்தெருச் சாட்சிகள் மூவர், வேன் டிரைவர் ஒருவர், மகஜர் சாட்சி ஒருவர் எல்லோரும் பிறழ் சாட்சி ஆனார்கள். “எனக்கு ஒன்றும் தெரியாது; போலீஸ் வெத்துப் பேப்பரில் கையெழுத்து வாங்கியது.” எல்லோருக்கும் ஒரே வாசகம். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களில் ஒருவரையும் யாரும் பாதுகாக்கவில்லை.

அ.சா. 5 கூண்டில் ஏறினார். முதல் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. எதிரிகள் தரப்பு மூத்த வழக்கறிஞர் எழுந்தார். முதலில் கொழுந்தன் குடும்பத்தோடு இருந்த வேலித் தகராறு.

“இருந்துச்சுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடியே பேசித் தீத்துக்கிட்டோம். அதுக்கப்புறம் அவன் பொண்ணு கல்யாணத்துல நான்தான் முன்ன நின்னு செஞ்சேன்.”

அடுத்து, மழை, மங்கிய வெளிச்சம், கூட்டம். அடையாளம் எப்படித் தெரிந்தது?

“இருபது வருஷமா பீடியும் வெத்தலையும் வாங்கின மொகம் தெரியாதுங்களா?”

பதினான்கு பேரையும் பார்த்தீர்களா?

“ஒம்போது பேரு மொகத்தப் பாத்தேன். மீதிப் பேரு முதுகுதான் தெரிஞ்சுது. பாக்காதத நான் சொல்ல மாட்டேன்.”

நீதிபதி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அதன் பிறகு வந்தது நாங்கள் எதிர்பார்த்த கேள்வி. காலனிக்காரர்களிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்குகிறீர்கள் அல்லவா? அதற்காகத்தான் இந்தச் சாட்சி அல்லவா?

“பாலுக்குக் காசு வாங்கறேன். எட்டு வருஷம் சொசைட்டிலதான் ஊத்தினேன். சாட்சி சொன்னேன்னு ஊத்த வேணாம்னு நிறுத்தினாங்க. இவங்க வாங்கலன்னா என் மாட்டு மடி வெடிச்சிருக்கும். அவங்க வாங்கினதுக்கு முன்னாடியே நான் ஜட்ஜ் ஐயாகிட்ட இதே வார்த்தையத்தான் சொன்னேன்.”

காலனியார் தூண்டுதலின் பேரில் பொய்ச் சாட்சி சொல்வதாக வைத்த யோசனைக்கு, ‘என்று சொன்னால் சரியல்ல’ என்று பதிவானது.

அரசு சிறப்பு வழக்கறிஞர் மறு விசாரணைக்கு அனுமதி கேட்டு, அந்த மஞ்சள் அட்டையையும் நாற்பது பக்க நோட்டையும் நீட்டினார். குற்றப்பத்திரிகையில் இல்லாத ஆவணம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. பால் விஷயத்தைக் குறுக்கு விசாரணையில் எழுப்பியதே எதிர்த்தரப்புதான். அதிலிருந்து எழும் விளக்கத்துக்கு மறு விசாரணையில் இடம் உண்டு என்று வாதிட்டோம். ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியீடு செய்யப்பட்டது. நீதிபதி அட்டையைத் தன் மேசைக்கு வாங்கினார். எண்கள் நின்றுபோன தேதியில் விரலை வைத்தார். பிறகு கோப்பைப் புரட்டி, மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தின் தேதியைப் பார்த்தார். அந்த இரண்டு தேதிகளுக்கு மேல் எந்த வாதமும் தேவைப்படவில்லை. ஊர்க்கட்டுப்பாடு எழுத்தில் இல்லாமல் நடந்தது. ஆனால் எழுதாமல் விட்ட அந்தக் கட்டங்களிலேயே அதன் தடயம் பதிந்திருந்தது.

அதே 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழி மறுக்கப்பட்ட தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சி வெளிவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. நாடே பதறியது. எங்கள் ஊரில் அதைப் படம் எடுக்க யாரும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல ஒரு பெண் மட்டும் இருந்தார்.

2021-இல் தீர்ப்பு. முகம் பார்த்ததாக அவர் சொன்ன ஒன்பது பேருக்கும் தண்டனை; முதல் எதிரிக்கு ஏழாண்டு. முதுகு மட்டும் தெரிந்த ஐந்து பேர் சந்தேகத்தின் பலனில் விடுதலை. இரவில் நடந்த தீவைப்பை யாரும் அடையாளம் காட்ட முடியாததால் அந்தக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆனால் தீர்ப்பின் நடுப்பகுதி எனக்கு முக்கியம்: அ.சா. 5 எதிரிகளுக்கு உறவினர், பாதிக்கப்பட்டவர்களுக்கு உறவில்லாதவர், பொய் சொல்ல அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை, தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே அவர் சொன்ன மற்றதை நம்பவைக்கிறது என்று நீதிபதி எழுதினார். அவருடைய சாட்சியத்தோடு பொருந்தியதால் காலனி மக்களின் சாட்சியங்களும் முழுமையாக ஏற்கப்பட்டன. ‘நலன்சார் சாட்சி’ என்ற வாதம் அந்த இடத்தில் முறிந்தது.

இந்த வழக்கோடு ஒப்பிட்டு நான் அடிக்கடி நினைப்பது கோகுல்ராஜ் வழக்கை. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட அந்தத் தலித் இளைஞரின் வழக்கில், கடைசியாக அவரோடு இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். கோகுல்ராஜுடைய தாயின் விடாப்பிடியாலும் கோயில் கேமராப் பதிவுகளாலும்தான் வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேமரா இல்லாத கிராமங்கள் எத்தனை? அங்கெல்லாம் மனிதர்தான் பேச வேண்டும். சொந்தச் சாதியின் பிடிக்குள் இருக்கும் இளம்பெண் ஒருத்தி கூண்டில் தடுமாறினால், அவளைத் திட்டுவதற்கு முன், அவளுக்கு எந்த வீட்டை, எந்த வேலையை, எந்தப் பாதுகாப்பை நாம் கொடுத்தோம் என்று கேட்க வேண்டும்.

சாட்சி சொல்ல வைப்பது வழக்கறிஞரின் வேலையில் சிறு பகுதி. சாட்சி சொல்லும் நாள் வரை அவரைத் தன் ஊரில், தன் பிழைப்போடு வாழவைப்பதுதான் பெரிய பகுதி. என் ஜூனியர்களுக்கு இதை நான் சட்டப் பிரிவுகளுக்கு முன்னால் சொல்கிறேன். சாட்சி வீட்டில் மாவு அரைக்க முடிகிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, பால் விற்கிறதா என்று விசாரிக்காத வழக்கறிஞர் வழக்கைத் தயார் செய்யவில்லை என்றே பொருள்.

தீர்ப்புக்குப் பிறகு ஊர்க்கட்டுப்பாடு மெல்லத் தளர்ந்தது. சொசைட்டியில் பால் வாங்குகிறார்கள். காலனிக்கும் அவர் ஊற்றுகிறார், அதை நிறுத்தவில்லை. மகள் வந்து போகிறாள். கொழுந்தன் வீட்டோடு பேச்சில்லை. சுடுகாட்டுக்குப் போகிறவர்களை இப்போது அந்தத் தார்ச்சாலையில் யாரும் மறிப்பதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398 பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்தத் திட்டம் போலீஸ் காவலோடு நிற்காமல் சாட்சியின் பிழைப்பையும் காக்க வேண்டும். யார் யாரை ஒதுக்கினாலும் குற்றம் என்று சொல்லும் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிவது சலுகையாக இல்லாமல் விதியாக வேண்டும்.

இந்த அம்மாவை நான் மதிப்பதால்தான் இதைக் கேட்கிறேன். அவரைப் போன்ற நெஞ்சுரம் ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும். மீதி எல்லோரும் பயப்படுகிற, குடும்பம் இருக்கிற, நாளைக்குப் பால் விற்றாக வேண்டிய சாதாரண மனிதர்கள். அவர்களும் கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டு அதே தெருவில் நிம்மதியாக வாழ முடிய வேண்டும். அதுவரை சட்டம் தன் வேலையை முடித்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.